வெள்ளையணுவின் மேலுறையில்: ரத்தப் புற்றுநோய் மருந்துகள் தம் இலக்கைக் கண்ட வரலாறு

ரத்தச் செல் ஒவ்வொன்றின் மேலுறையிலும் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் பதிந்து நிற்கின்றன. அவற்றுள் ஏற்பிகள் எனப்படுபவை வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியையோ கிருமியின் துணுக்கையோ பற்றிக்கொண்டு, அந்தச் செய்தியைச் செல்லின் உள்ளே கடத்துகின்றன. வேறு சில பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்ள உதவுகின்றன. இன்னும் சிலவற்றின் வேலை பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் முழுமையாகத் தெளிவாகவில்லை. மருத்துவத்தின் பார்வையில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வசதி உண்டு. செல்லுக்குள் நுழையாமலே, ரத்தத்தில் மிதந்து வரும் ஒரு மருந்து இவற்றைத் தொட்டுவிட முடியும். லிம்ஃபோமா, லுக்கேமியா, மைலோமா ஆகிய மூன்று பெரிய ரத்தப் புற்றுநோய்க் குடும்பங்களுக்கும் 1997க்குப் பிறகு வந்த மருந்துகளில் கணிசமானவை இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதாகவே இவற்றின் வரலாறு அமைந்தது. புற்றுச்செல்லில் மட்டும் இருந்து, நல்ல செல்லில் இல்லாத ஓர் அடையாளத்தைத்தான் ஆய்வாளர்கள் முதலில் தேடினார்கள். அப்படி ஓர் அடையாளம் அநேகமாக எங்கும் அகப்படவில்லை. அகப்பட்ட ஓரிடத்திலும் அதைப் பரவலான மருந்தாக்க முடியவில்லை. பலன் தந்தவை, ஒரு செல் எந்தக் கால்வழியில் பிறந்தது என்பதைக் காட்டும் குறிகள். புற்றுச்செல்லும் அதன் நல்ல உறவுகளும் அவற்றைச் சேர்ந்தே தாங்குகின்றன. ஆகவே ஒவ்வோர் இலக்கின் முன்னும் ஒரே கேள்வி எழுந்தது: இந்தக் குறியைத் தாங்கும் எல்லாச் செல்களையும் இழந்தால் உடல் தாங்குமா?

ஏற்பி என்ற கருத்தை உருவாக்கியவர் 1854இல் பிறந்த ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக். துணிக்கு ஏற்றும் அனிலின் சாயங்களை மாணவப் பருவத்திலேயே அவர் திசுக்களின் மேல் இட்டுப் பார்த்தார். ஒரு சாயம் ஒரு வகைச் செல்லில் பிடித்து, அடுத்ததில் பிடிக்காமல் போவது ஏன் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. வெள்ளையணுக்களைச் சாயப் பிடிப்பை வைத்துப் பல வகையாகப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். பின்னர் டிப்தீரியா நஞ்சையும் அதன் முறிமருந்தையும் அளவிடும் பணியில் இருந்தபோது அதே கேள்வி வேறு வடிவில் வந்தது: நஞ்சு ஏன் சில செல்களை மட்டும் பற்றுகிறது? செல்லிலிருந்து பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றோடு பொருந்தும் பொருளே செல்லைத் தாக்க முடியும் என்று 1897இல் அவர் விடை சொன்னார். சில ஆண்டுகளில் அந்தப் பக்கச் சங்கிலிக்கு ஏற்பி என்ற பெயர் வந்தது. செல் மிகுதியாக உண்டாக்கி உதிர்க்கும் ஏற்பிகளே ரத்தத்தில் எதிர்ப்பொருள்களாக மிதக்கின்றன என்றும் அவர் கருதினார். பல விவரங்களில் இது திருத்தப்பட்டாலும் மையக் கருத்து நிலைத்தது: பி செல் என்னும் வெள்ளையணுவின் மேல் ஏற்பியாக நிற்பதும், ரத்தத்தில் எதிர்ப்பொருளாக மிதப்பதும் ஒரே புரதத்தின் இரு வடிவங்களே. நோயை மட்டும் தேடிச் சென்று தாக்கும் மந்திரக் குண்டு என்ற கனவும் எர்லிக்குடையது. 1908இல் அவருக்கும் நோயெதிர்ப்பு ஆய்வாளர் மெச்னிகாஃபுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அந்தக் கனவு ரத்தப் புற்றுநோயை வந்து சேர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1845இல் எடின்பரோவில் ஜான் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்கோவும் விவரித்த லுக்கேமியாவுக்கு நூறாண்டுகள் உருப்படியான மருந்து இல்லை. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் போர் நஞ்சின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை லிம்ஃபோமா நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் லுக்கேமியாவில் இறந்துகொண்டிருந்த குழந்தைகள் சிலரின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1970களில் லிம்ஃபோமாவுக்குச் சாப் எனப்படும் நான்கு மருந்துக் கூட்டு வந்தது. அதில் ஒன்றான வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. இந்த மருந்துகள் பலரைக் காப்பாற்றின என்பதை மறக்கலாகாது. ஆனால் கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை, வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் விட்டுவைப்பதில்லை. தலைமுடியும் குடலின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே அடிபட்டன. சாப் கூட்டைவிடக் கடுமையான மூன்று கூட்டுகளை அதனோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1993இல் வெளியானபோது, எதுவும் அதை வெல்லவில்லை என்று தெரிந்தது. நஞ்சின் அளவைக் கூட்டிப் பயனில்லை என்ற இடத்தில் அந்த வழி நின்றுபோனது.

இதற்கிடையே வெள்ளையணுக்களின் கால்வழிகள் தெளிவாகிவந்தன. நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தெரியும் லிம்ஃபோசைட்டுகள் உண்மையில் இரு வேறு குலங்கள் என்பது 1960களில் தெரியவந்தது: தைமஸ் சுரப்பியில் முதிரும் டி செல்கள், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்கள். லண்டனில் ஜாக் மில்லரும் மினியாபொலிஸில் மேக்ஸ் கூப்பரும் செய்த ஆய்வுகள் இதற்கு அடித்தளம். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு மேலுறைப் புரதங்களில் தெரிந்தது. 1975இல் லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழு, குழந்தைகளின் லுக்கேமியாச் செல்களை முயலுக்குச் செலுத்தி, அவற்றைப் பற்றும் சீரம் ஒன்றை எடுத்தது. அது அடையாளம் காட்டிய புரதம் லுக்கேமியாவுக்கே உரியது என்று தொடக்கத்தில் நம்பப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சியடையாத நல்ல பி செல்களிலும் அது இருப்பது பிறகு தெரிந்தது. இந்தத் துறை அடுத்தடுத்துப் பலமுறை சந்தித்த ஏமாற்றத்தின் முதல் வடிவம் இது.

முயல் சீரத்தில் இன்னொரு குறையும் இருந்தது. அதில் பல்வேறு எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரு முயலின் சீரம் மற்றொன்றின் சீரத்தைப் போல இராது. கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும் 1975இல் இதைத் தீர்த்தார்கள். எதிர்ப்பொருள் உண்டாக்கும் சுண்டெலி பி செல்லைத் தனியே வளர்த்தால் சில நாட்களில் செத்துவிடும். சுண்டெலியின் மைலோமாப் புற்றுச்செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்தபோது, ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவின்றித் தரும் கலப்புச் செல் கிடைத்தது. ரத்தப் புற்றுநோயின் சாகாத் தன்மையே ரத்தப் புற்றுநோய்க்கு எதிரான கருவியைத் தந்தது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அதனால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தடையின்றி இம்முறையைக் கைக்கொண்டன. இருவருக்கும், நீல்ஸ் யெர்ன் என்பவரோடு சேர்த்து, 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் எதிர்ப்பொருள்கள் குவிந்தன. ஸ்டான்ஃபோர்டில் லியனார்ட் ஹெர்சன்பெர்க் உருவாக்கியிருந்த ஒளிர்சாயச் செல் பிரிப்புக் கருவி, எந்தச் செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று வினாடிக்கு ஆயிரக்கணக்கான செல்களை ஆராய்ந்து சொன்னது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தான் கண்ட புரதத்துக்குத் தன் விருப்பம்போல் பெயர் வைத்ததால், ஒரே புரதம் நான்கைந்து பெயர்களில் உலவியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1982இல் பாரிஸில் கூடிய பன்னாட்டுப் பணிமனை, சிடி என்ற இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட பெயர் முறையை வகுத்தது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஷ்லாஸ்மன், லீ நாட்லர், பிலிப் ஸ்டாஷென்கோ ஆகியோர் 1980இல் பி1 என்று பெயரிட்ட புரதம் சிடி20 ஆயிற்று. அதே குழு பின்னர் கண்ட பி4, சிடி19 ஆயிற்று. இன்று இந்த வரிசை 370ஐத் தாண்டுகிறது. ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களின் அன்றாடப் பேச்சே இந்த எண்களால் ஆனது.

எதிர்ப்பொருளை நோயாளிக்கே செலுத்திப் பார்க்கும் துணிவும் பாஸ்டனில்தான் முதலில் வந்தது. நாட்லர் குழு லிம்ஃபோமா நோயாளி ஒருவருக்குச் சுண்டெலி எதிர்ப்பொருளைச் செலுத்தி, முடிவை 1980இல் வெளியிட்டது. ரத்தத்தில் சுற்றிய புற்றுச்செல்கள் சிறிது நேரம் குறைந்தன, நோய் தணியவில்லை. ஆனால் எதிர்ப்பொருளைப் பெரும் தீங்கின்றிக் கொடுக்க முடியும் என்பது உறுதியானது.

ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் லெவி எடுத்த வழி எர்லிக்கின் கனவுக்கு மிக அருகில் சென்றது. ஒவ்வொரு பி செல்லும் தன் மேலுறையில் தனக்கே உரிய ஓர் எதிர்ப்பொருளை ஏற்பியாகத் தாங்குகிறது. லிம்ஃபோமா ஒரே ஒரு பி செல்லின் பெருக்கம் என்பதால், அந்த நோயாளியின் புற்றுச்செல்கள் எல்லாவற்றிலும் ஒரே ஏற்பிதான் இருக்கும். உடலின் மற்ற பி செல்களில் அது இருப்பது மிக மிக அரிது. புற்றுக்கே உரிய மேலுறை அடையாளம் என்று உண்மையாகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான். லெவி குழு ஒரு நோயாளியின் புற்றுச்செல் ஏற்பிக்கு எதிராகச் சுண்டெலி எதிர்ப்பொருளைத் தயாரித்து 1981இல் செலுத்தியது. மற்ற மருந்துகள் கைவிட்ட அவருக்குக் கட்டிகள் முற்றிலும் கரைந்தன. 1982இல் வெளியான அந்த அறிக்கை துறை முழுவதையும் உலுக்கியது.

வெற்றியின் உள்ளேயே தடையும் இருந்தது. ஒரு நோயாளியின் மருந்து அடுத்தவருக்குப் பயன்படாது. ஒவ்வொருவருக்கும் கட்டியை வெட்டியெடுத்து, ஏற்பியைப் பிரித்து, சுண்டெலிக்குச் செலுத்தி, கலப்புச் செல்லைத் தேர்ந்தெடுக்கப் பல மாதங்கள் பிடித்தன. அதற்குள் சிலரின் புற்றுச்செல்கள் அந்த ஏற்பியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டன. ஏனென்றால் எதிர்ப்பொருள் மரபணுவை மாற்றிக்கொண்டே இருப்பது பி செல்லின் பிறவிக் குணம். லெவியும் கூட்டாளிகளும் 1985இல் தொடங்கிய ஐடெக் நிறுவனம் சில ஆண்டுகள் இந்த வழியில் முயன்றுவிட்டு, எல்லா நோயாளிக்கும் பொதுவான ஓர் இலக்கை நோக்கித் திரும்பியது. அறிவியல் நேர்த்தியில் இது ஒரு படி இறக்கம். மருத்துவத்தில் மிகப் பெரிய ஏற்றம்.

அந்தப் பொது இலக்கு சிடி20. 297 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் செல்லின் மேலுறையை நான்கு முறை ஊடுருவி, வெளியே சிறு கண்ணியாக மட்டும் தலை நீட்டுகிறது. ஏற்பி என்ற சொல் இதற்கு முழுமையாகப் பொருந்தாது. இயற்கையில் இதோடு வந்து பொருந்தும் பொருள் எதுவென்று தெளிவாகாமலே இது மருந்தின் இலக்காகிவிட்டது. ஆனால் இலக்காவதற்கான தகுதிகள் எல்லாம் இதனிடம் இருந்தன. பி செல்லின் மேல் ஏராளமாக இருக்கிறது. எதிர்ப்பொருள் பற்றியதும் உதிர்ந்து ரத்தத்தில் கலப்பதில்லை. பெரும்பாலும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுவதும் இல்லை. பி செல்லின் வாழ்வில் இது எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்பது அதைவிட முக்கியமானது. மஜ்ஜையின் மூலச்செல்லில் இது இல்லை. ஆகவே எல்லா பி செல்களும் அழிந்தாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் புதியவை பிறந்து வந்துவிடும். எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லிலும் இது இல்லை. அதனால் முன்பு பெற்ற நோயெதிர்ப்பு பெரும்பகுதி நிலைத்திருக்கும். மனிதன் பி செல் இன்றிச் சில மாதங்கள் வாழ முடியும் என்ற உண்மையின் மேல்தான் இந்த மருத்துவம் முழுவதும் நிற்கிறது.

சுண்டெலிப் புரதத்தை மனித உடல் அந்நியமாக எண்ணித் தாக்கியதால், பல முயற்சிகள் இரண்டாம் மூன்றாம் ஊசியிலேயே தோற்றிருந்தன. 1984இல் சுண்டெலி எதிர்ப்பொருளின் பற்றும் நுனியை மனித எதிர்ப்பொருளின் தண்டோடு மரபணு முறையில் ஒட்டும் வழி பிறந்தது. இந்த மாற்றம் அந்நியத்தன்மையைக் குறைத்தது. அத்தோடு மனிதத் தண்டு நோயாளியின் சொந்தக் கொல்லிச் செல்களையும் இரத்தத்தின் அழிப்புப் புரதங்களையும் அழைத்து வந்தது. எதிர்ப்பொருள் தானே கொல்வதைவிட, கொல்பவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பதே அதன் பெரிய பலம். ஐடெக்கில் இவ்வாறு உருவாகி, சீன வெள்ளெலிச் செல்களில் தயாரிக்கப்பட்ட சிடி20 எதிர்ப்பொருளே ரிடுக்சிமாப். மெதுவாக வளரும் லிம்ஃபோமா திரும்ப வந்த 166 பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு ஊசிகள் கொடுத்ததில் 48 சதவீதத்தினருக்குக் கட்டிகள் பாதிக்கும் மேல் சுருங்கின அல்லது மறைந்தன. 1997 நவம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஒற்றைவகை எதிர்ப்பொருள் அது.

அதன் முழு வலிமை வெளிப்பட்டது 2002இல். பிரான்சில் பெர்த்ராண்ட் குவாஃபியே குழு, வேகமாகப் பரவும் பெரிய பி செல் லிம்ஃபோமா கண்ட, 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரில் ஒரு பாதியினருக்குச் சாப் கூட்டையும் மறுபாதியினருக்குச் சாப்போடு ரிடுக்சிமாபையும் கொடுத்தது. நோய் முழுமையாக மறைந்தவர்கள் 63 சதவீதத்திலிருந்து 76 ஆக உயர்ந்தார்கள். இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 57 சதவீதத்திலிருந்து 70 ஆக உயர்ந்தார்கள். நச்சுத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. இருபதாண்டுகளாக அசையாமல் நின்ற எண் அன்று நகர்ந்தது. இதற்கு விலையும் இருந்தது: உடலில் அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் சிலருக்கு மீண்டும் தலைதூக்கியது, சிகிச்சை நடக்கும் காலத்தில் தடுப்பூசிகள் சரிவரப் பிடிப்பதில்லை என்பது கோவிட் காலத்தில் வலியோடு உணரப்பட்டது. 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிடுக்சிமாபின் ஒத்த மருந்தைக் குறைந்த விலையில் இந்தியாவில் கொண்டுவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ரிடுக்சிமாப் சேர்ந்தது.

சிடி20 எத்தனை அரிய வாய்ப்பு என்பது மற்ற இலக்குகளோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். கேம்பிரிட்ஜில் ஹெர்மன் வால்ட்மன் குழு உருவாக்கிய அலெம்துசுமாப், பி, டி இரண்டிலும் உள்ள சிடி52ஐத் தாக்கியது. நாட்பட்ட லிம்ஃபோசைட் லுக்கேமியாவுக்கு 2001இல் அனுமதி பெற்ற அது புற்றுச்செல்களை நன்றாகவே அழித்தது. ஆனால் டி செல்களும் போனதால் வைரஸ், பூஞ்சைத் தொற்றுகள் நோயாளிகளைச் சூழ்ந்தன. சிடி20 எதிர்ப்பொருளோடு கதிரியக்க அணுவைப் பிணைத்த இரு மருந்துகளும் 2002, 2003 ஆண்டுகளில் வந்தன. பலன் நன்றாக இருந்தும், கதிரியக்கப் பொருளைக் கையாளும் வசதி தேவைப்பட்டதால் அவை பரவவில்லை. அயோடின் பிணைத்தது 2014இல் சந்தையை விட்டே போயிற்று. நல்ல மருந்து ஒன்று நிர்வாகச் சிக்கலால் மறைந்தது வருந்தத்தக்கது.

ஏற்பி என்ற பெயருக்கு முழு உரிமையுள்ள இலக்கின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1977இல் கியோட்டோவில் கியோஷி தகாத்சுகி குழு, தென்மேற்கு ஜப்பானில் பிறந்தவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட டி செல் லுக்கேமியா ஒன்றை விவரித்தது. அது ஒரு வைரஸால் வருவது என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. அந்தக் குழுவின் தகாஷி உச்சியாமா, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் தாமஸ் வால்ட்மனோடு பணிசெய்தபோது, 1981இல் இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியில் ஒரு பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள் கிடைத்தது. ஓய்விலிருக்கும் நல்ல டி செல்களில் இந்த ஏற்பி அநேகமாக இல்லை. லுக்கேமியாச் செல்களில் ஏராளமாக இருந்தது. எதிர்ப்பொருள் சிலருக்கு மட்டும் பலன் தந்தது. 1999இல் இதே ஏற்பியை நோக்கி வேறொரு மருந்து வந்தது: இன்டர்லூக்கின்-2ஓடு டிப்தீரியா நஞ்சின் துண்டைத் தைத்த புரதம். எர்லிக் அளவெடுத்த அதே நஞ்சு, ஏற்பியை வாசலாகக் கொண்டு புற்றுச்செல்லுக்குள் நுழைந்தது. 2018இல் இன்டர்லூக்கின்-3 ஏற்பிக்கும் இதே அமைப்பில் ஒரு மருந்து அனுமதி பெற்றது. ஜப்பானிய லுக்கேமியாவுக்கோ, சிசிஆர்4 என்ற வேறோர் ஏற்பியைத் தாக்கும் மொகமுலிசுமாப் 2012இல் அங்கேயே வந்தது.

லிம்ஃபோசைட்டுகளுக்கு அப்பாலான மைலாய்டு கால்வழியில் பிறக்கும் தீவிர லுக்கேமியாதான் இந்த வழிமுறையை இன்றுவரை சோதிக்கிறது. இதன் செல்களில் பெரும்பாலும் சிடி33 உண்டு. ஆனால் மஜ்ஜையில் வளரும் நல்ல மைலாய்டு செல்களிலும், கல்லீரலின் காவல் செல்களிலும் அது உண்டு. சிடி33ஐப் பற்றிய எதிர்ப்பொருள் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுவதால், அதோடு நஞ்சைக் கட்டி அனுப்பலாம் என்று எண்ணினார்கள். டெக்சாஸ் மண்ணின் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த, மரபணு இழையையே துண்டாக்கும் காலிக்கியமைசின் அந்த நஞ்சு. ஜெம்துசுமாப் ஓசோகமைசின் என்ற இந்த மருந்து 2000இல் அனுமதி பெற்றது. எதிர்ப்பொருளோடு நஞ்சைப் பிணைத்த மருந்துகளில் முதலில் அனுமதி பெற்றது இதுவே. சிலருக்குக் கல்லீரலின் நுண்சிரைகள் அடைபட்டன. கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் கூடுதல் நன்மை தெரியாமல், தொடக்க மரணங்கள் கூடியதாகத் தெரியவே, 2010இல் நிறுவனம் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் விடவில்லை. சதுர மீட்டருக்கு 9 மில்லிகிராம் என்றிருந்த அளவை 3 ஆகக் குறைத்து, முதல், நான்காம், ஏழாம் நாட்களில் பிரித்துக் கொடுத்தார்கள். நோய் திரும்புவது தள்ளிப்போனது. 2017இல் மருந்து மீண்டும் அனுமதி பெற்றது. ஏழாண்டுகள் ஒரு பயனுள்ள மருந்து கிடைக்காமல் போனதற்குக் காரணம் இலக்கின் பிழையன்று, அளவின் பிழை.

நஞ்சைப் பிணைக்கும் முறை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் தெளிவான வெற்றி கண்டது. அந்நோயின் பெரிய செல்களில் உள்ள சிடி30ஐக் கீல் நகரில் ஹரால்ட் ஸ்டைன் குழு 1982இல் அடையாளம் கண்டிருந்தது. வெறும் எதிர்ப்பொருளால் பயன் சொற்பமாகவே இருந்தது. கடல் முயல் என்னும் கடல் உயிரியில் கண்ட நச்சைப் பின்பற்றிச் செயற்கையாக உருவாக்கிய பொருளை அதோடு பிணைத்ததும் நிலைமை மாறியது. பிரெண்டுக்சிமாப் வெடோடின் 2011இல் வந்தது.

மேற்சொன்ன இலக்குகள் எல்லாம் கொல்பவர்க்கு வழிகாட்டும் குறிகள். எஃப்எல்டி3 அப்படியன்று, அந்த ஏற்பியே நோயை வளர்க்கிறது. இளம் ரத்தச் செல்களுக்கு வளரச் சொல்லும் இந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்துப்போவதை 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். இரட்டித்தால், வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே ஏற்பி ஓயாமல் வளரச் சொல்லிக்கொண்டிருக்கும். தீவிர மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் இந்த ஏற்பியில் ஏதேனும் மாற்றம் உண்டு. ஏற்பியின் உட்புறப் பகுதியை அடைக்கும் மாத்திரைகளான மிடோஸ்டாரின் 2017இலும் கில்டெரிடினிப் 2018இலும் வந்தன. புற்றுக்கே உரிய மாற்றம் என்பதால் இது எர்லிக்கின் கனவுக்கு நெருங்கியதுதான். ஆனால் புற்றுச்செல்கள் வேறு வழிகளில் தப்பிவிடுவதால் மாத்திரை மட்டும் போதுவதில்லை.

எதிர்ப்பொருளுக்குப் பதில் உயிருள்ள செல்லையே மருந்தாக்கும் எண்ணம் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 1989இல் செயல்வடிவம் பெற்றது. செலிக் எஷ்ஹார் குழு, எதிர்ப்பொருளின் பற்றும் நுனியை டி செல் ஏற்பியின் பகுதியோடு இணைத்தது. இவ்வாறு செயற்கை ஏற்பி பெற்ற டி செல், எதிர்ப்பொருளைப் போல இலக்கைக் கண்டு, டி செல்லைப் போலக் கொன்றது. உடலுக்குள் அது நீடித்துப் பெருக இரண்டாவது தூண்டல் ஒன்று தேவை என்பதைப் புரிந்துகொண்டு சேர்க்கப் பதினைந்தாண்டுகள் ஆயின. இலக்காகத் தேர்ந்தது சிடி19. பி செல்லின் வாழ்வில் சிடி20ஐவிட முன்னதாகவே அது தோன்றுவதால் குழந்தைகளின் லுக்கேமியாவிலும் அது இருக்கும்.

2010இல் ஃபிலடெல்ஃபியாவில் கார்ல் ஜூன் குழு, மற்ற சிகிச்சைகள் தீர்ந்துபோன நோயாளிகளுக்கு அவர்களின் சொந்த டி செல்களை மாற்றியமைத்துச் செலுத்தியது. முதல் மூவரில் இருவருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. பத்தாண்டு கழித்தும் அந்தச் செல்கள் அவர்கள் உடலில் இருந்தன. 2012இல் அங்கு இச்சிகிச்சை பெற்ற ஆறு வயதுச் சிறுமி, செல்கள் பெருகியபோது எழுந்த கடும் காய்ச்சலில் மரணத்தின் விளிம்புக்குச் சென்றாள். இன்டர்லூக்கின்-6 அவள் ரத்தத்தில் மிக உயர்ந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதைத் தடுக்கும், மூட்டுவாதத்துக்குப் பயன்படும் டோசிலிசுமாபைக் கொடுத்தார்கள், அவள் மீண்டாள். லுக்கேமியாவும் போயிருந்தது. அந்த முடிவு தவறியிருந்தால் இந்தச் சிகிச்சையே அங்கு நின்றுபோயிருக்கக்கூடும். 2017 ஆகஸ்டில் டிசாஜென்லெக்லூசெல் என்ற பெயரில் அது அனுமதி பெற்றது. அதே நாளில் டோசிலிசுமாபும் இந்தக் காய்ச்சலுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பன்னாட்டு ஆய்வில் 75 இளம் நோயாளிகளில் 81 சதவீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் மறைந்தது. எனினும் பலருக்கு அது திரும்பியது. சிலரில் திரும்பி வந்த செல்களில் சிடி19 இல்லை. சிடி19ஐ ஒரு கையாலும் டி செல்லை மறு கையாலும் பற்றும் பிளினட்டுமொமாப் இதற்கு முன்பே, 2014இல், வந்திருந்தது. அதற்குச் செல்களை வெளியே எடுத்து மாற்ற வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக 28 நாள் இடைவிடாமல் ஏற்ற வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் செல் சிகிச்சைக்கு முதலில் குறித்த விலை 4,75,000 டாலர். மும்பையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய சிடி19 செல் மருந்து 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதன் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் வளாகத்திலேயே இத்தகைய செல்களைத் தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது. விலை இறங்கியும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது எட்டாத தொகைதான்.

பிளாஸ்மா செல்லில் சிடி20 இல்லை என்பது மற்ற நோயாளிகளுக்கு நன்மை. பிளாஸ்மா செல்லின் புற்றான மைலோமாவுக்கு அதுவே தடை. 2015இல் சிடி38ஐத் தாக்கும் டாராட்டுமுமாப் வந்தபோதுதான் அந்நோய்க்கு எதிர்ப்பொருள் மருத்துவம் திறந்தது. சிவப்பணுக்களிலும் சிறிதளவு சிடி38 இருப்பதால், இந்த மருந்து பெற்றவரின் ரத்தத்தைப் பொருத்திப் பார்க்கும் ரத்த வங்கிகள் முதலில் திகைத்தன. எல்லாக் கொடையாளர் ரத்தமும் பொருந்தாததாகத் தெரிந்தது. அதற்கெனத் தனிச் சோதனை முறை வகுக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த பிசிஎம்ஏ, பிளாஸ்மா செல்லை வாழவைக்கும் உண்மையான ஏற்பி. அதை இலக்காகக் கொண்ட செல் சிகிச்சைகள் 2021, 2022 ஆண்டுகளிலும், இருகைப் புரதமான டெக்லிஸ்டமாப் 2022இலும் அனுமதி பெற்றன.

எல்லா இலக்கும் கைகொடுக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் செல்லிடம் விலகிப் போகச் சொல்லும் சிடி47ஐ மறைத்தால், உடலின் விழுங்கு செல்கள் லுக்கேமியாவைத் தின்றுவிடும் என்று ஸ்டான்ஃபோர்டில் இர்விங் வைஸ்மன் குழு 2009இல் காட்டியது. அந்த ஆய்வில் பிறந்த நிறுவனத்தைக் கிலியட் என்ற மருந்து நிறுவனம் 2020இல் ஏறத்தாழ 490 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் சிடி47 சிவப்பணு உட்பட அநேகமாக எல்லாச் செல்லிலும் உள்ளது. பெரிய ஆய்வுகளில் மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. 2023, 2024இல் ரத்தப் புற்றுநோய்களில் அந்த ஆய்வுகள் கைவிடப்பட்டன.

மைலாய்டு லுக்கேமியாவின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பி செல்கள் இன்றி மாதக்கணக்கில் வாழலாம். மைலாய்டு செல்கள் இன்றிச் சில வாரங்கள்கூட வாழ்வது கடினம். குறியை மாற்ற முடியாவிட்டால் நல்ல செல்லை மாற்றலாம் என்ற புதிய எண்ணம் இதிலிருந்து எழுந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல், மூலச்செல்லின் சிடி33 மரபணுவை வெட்டியெடுத்தாலும் அது குரங்குகளில் வழக்கம்போல் ரத்தம் உண்டாக்குவதைக் காட்டினார்கள். அப்படி வெட்டிய மூலச்செல்களைக் கொடையாளரிடமிருந்து பெற்று நோயாளிக்குப் பதித்துவிட்டு, பிறகு சிடி33 மருந்தைக் கொடுத்தால், அது லுக்கேமியாவை மட்டுமே தாக்கும். மனிதர்களில் நடந்த முதல் சோதனைகளில் இந்தச் செல்கள் மஜ்ஜையில் வேரூன்றின. அதன்பின் ஜெம்துசுமாப் கொடுத்தபோதும் ரத்த அளவுகள் பெரிதாகச் சரியவில்லை. நோய் திரும்பாமல் இது எத்தனை பேரை, எத்தனை காலம் காக்கும் என்பதைச் சொல்லப் பெரிய ஆய்வுகள் தேவை.